பட்டாளத்து அட்டையும் ஒன்பதாம் கட்டமும்

பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்தவனுக்கு எதிரியிடம் பயம். பேனா பிடித்தவனுக்குக் கோடு போட்ட கட்டத்திடம் பயம். நான் இரண்டாவது ரகம். யுத்த காலத்தில், மதுரை மேல வெளி வீதியில் ஒரு வாடகை மாடியில் நடந்த பட்டாள ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். சேர வருகிறவர்களின் பெயர், ஊர், உயரம், மார்பளவு, அங்க அடையாளம் எல்லாவற்றையும் கேட்டு எழுதுவது என் வேலை.

சர்க்கார் பாரம் நிரப்பிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். மேஜைக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ உட்கார்ந்து, "இதற்கு என்னய்யா எழுதுவது?" என்று நொந்திருப்பீர்கள். அந்தச் சொந்தத்தில்தான் உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆபீசில் ஒரு கட்டத்தை யோசிக்காமல் நிரப்பினேன். அதனால் கொட்டாம்பட்டிப் பக்கத்தில் ஒரு மனிதர், தன் மகன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல், தபால்காரரைக் கண்டாலே நடுங்கும்படி ஆயிற்று. முதலில் அந்தக் கட்டம் எங்கள் ஆபீசுக்கு வந்து சேர்ந்த கதை.

அலமாரிக்குப் பொட்டு

அதுவரை எங்களிடம் இருந்தவை தலையணை தடிமனுக்கு ரிஜிஸ்தர்கள். ஊருக்கு ஒரு பக்கம். புதிதாக வந்த காப்டன் துரை அவற்றைப் பார்த்துவிட்டு, இது தாத்தா காலத்து முறை என்றார். இனி ஆளுக்கு ஓர் அட்டை, அட்டைக்குப் பன்னிரண்டு கட்டம். அட்டைகள் எழுத்து வரிசைப்படி இழுப்பறையில் நிற்க வேண்டும். எந்தச் சிப்பாயைக் கேட்டாலும் அரை நிமிஷத்தில் எடுத்துக் காட்ட வேண்டும். அதற்காக ரயிலில் இரண்டு இரும்பு அலமாரிகள் வந்து இறங்கின.

எங்கள் ஹெட் கிளார்க் சேஷய்யர் எதற்கும் ஒரு முறை வைத்திருப்பவர். அலமாரியின் ஒவ்வொரு இழுப்பறைக்கும் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, கற்பூரமும் காட்டிவிட்டார். காப்டன் துரை வந்து இழுப்பறைகளைக் குனிந்து குனிந்து பார்த்தார். "எல்லாவற்றிலும் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறதே, இது எந்த வகைப்பாட்டுக்கு அடையாளம்?" என்று என்னைக் கேட்டார். நல்லபடியாக நடக்க வேண்டும் என்பதற்கு அடையாளம் என்றேன். அதையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். எதைக் கண்டாலும் ஏன், எதற்கு என்று கேட்கிற மனுஷர். எனக்கும் அதே வியாதி என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

பூஜை போட்ட சேஷய்யருக்கோ அட்டைமேல் துளிகூட நம்பிக்கை இல்லை. பழைய ரிஜிஸ்தர்களை நாற்காலியில் அடுக்கி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஏன் என்று கேட்டேன். "அட்டை ஒண்ணு காத்துல பறந்தா ஒரு மனுஷன் போச்சு ஓய். என் ரிஜிஸ்தர்லேருந்து ஒருத்தன் பறக்கட்டும், பாக்கலாம்!" என்றார்.

நகம்

நாலாம் கட்டம் அங்க அடையாளம். அழியாத அடையாளம் இரண்டு வேண்டும். நம் ஆட்களுக்கு மச்சத்துக்கும் தழும்புக்கும் பஞ்சமா? எல்லாருக்கும் முழங்காலில் ஒரு வெட்டுக்காயம் இருக்கும். காரணம் கேட்டால் கருவேல முள், மாட்டுக் கொம்பு, அண்ணன் தம்பி சண்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். கதை கேட்டே மத்தியானம் ஆகிவிடும்.

சோழவந்தானிலிருந்து ஒருவன் வந்தான். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை. உடம்பில் ஒரு மச்சம் இல்லை, ஒரு கீறல் இல்லை. உரித்த வாழைத்தண்டு மாதிரி நின்றான். தேடித் தேடிப் பார்த்ததில் வலது கட்டைவிரல் நகம் மட்டும் அரை அங்குலத்துக்கு வளர்ந்து கூராக இருந்தது. வெற்றிலையைக் காம்பு கசங்காமல் கிள்ளுவதற்கு வளர்ப்பதாம். எப்படிக் கிள்ளுவது என்று என் மேஜைமேல் கிடந்த காகிதத்தில் கிள்ளிக் காட்டினான். கத்தரி வைத்த மாதிரி வந்தது. நானும் என் நகத்தால் முயன்று பார்த்தேன். காகிதம்தான் கிழிந்தது.

நகத்தை அழியாத அடையாளமாக எழுத முடியாதே என்று சொல்லி, பட்டாளத்தில் முதல் வேலையாக அதை வெட்டிவிடுவார்கள் என்றும் எச்சரித்தேன். அவன் சட்டையை எடுத்து மாட்ட ஆரம்பித்துவிட்டான். "நகத்தை வெட்டுவாகன்னா நான் ஊருக்கே போறேண்ணே. சண்டை இன்னைக்கி இருக்கும், நாளைக்கி நின்னுரும். வெத்தலை தினமும்ல கிள்ளணும்!"

மழைத் தேதி

ஆறாம் கட்டம் பிறந்த தேதி. பழைய ரிஜிஸ்தரில் "வயது சுமார் இருபது" என்று எழுதிவிட்டு வெற்றிலை போடப் போய்விடலாம். அட்டைக்குச் சுமார் பிடிக்காது. நாள், மாதம், வருஷம் மூன்றும் வேண்டும். எங்கள் பக்கத்தில் யாருக்கு அது தெரியும்? கண்மாய் உடைத்துக்கொண்ட வருஷம், மாட்டுக்குக் கோமாரி வந்த வருஷம் என்றுதான் சொல்வார்கள். நானும் எந்த ஊர்க் கண்மாய் எப்போது உடைந்தது என்று ஒரு தனிப் பட்டியலே வைத்துக்கொண்டேன். காப்டன் துரை அதை வாங்கி இரண்டு நாள் படித்தார்.

சமயநல்லூரிலிருந்து ஓர் அம்மாள் மகனோடு வந்தார். கண்மாய் உடைந்ததா? இல்லை. கோமாரி? இல்லை. திருவிழா ஏதாவது? யோசித்து யோசித்து அந்த அம்மாளுக்கு என்மேல் கோபம் வந்துவிட்டது. "இவன் பொறந்தன்னைக்கி மழை பேஞ்சுச்சு. எனக்கு அம்புட்டுத்தான் தெரியும். அந்த மழை எந்தத் தேதின்னு படிச்ச நீங்க பாத்து எழுதிக்கிறுங்க" என்றார்.

ஒன்பதாம் கட்டம்

இனி என் குற்றம். ஒன்பதாம் கட்டத்தில் இரண்டு வரி. சிப்பாய்க்கு ஏதாவது நேர்ந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது முதல் வரி. அவர் என்ன உறவு என்பது இரண்டாவது.

ஒரு நாள் கொட்டாம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பன்னிரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். பதினோரு பேர் நிலபுலம் உள்ள சம்சாரி வீட்டுப் பையன்கள். பன்னிரண்டாவது ஆள் முத்தன் என்பவன். வரிசையில் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கடைசியில் நின்றான். நான் ஒன்பதாம் கட்டத்தை எனக்குத் தெரிந்த தமிழில் கேட்டேன். "ஏம்ப்பா, உனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா யாருக்குச் சொல்லிவிடணும்?" முதல் ஆள் கொஞ்சமும் யோசிக்காமல், "சின்னானுக்குச் சொல்லிவிட்டாப் போதும்" என்றான். என்ன உறவு என்றேன். "எங்க ஊருதான்" என்றான். இரண்டாவது ஆளும் சின்னான் என்றான். மூன்றாவது ஆளும் அதேதான். பசி வேளை. ஊர் முழுக்க ஒரே பங்காளிகள் போலிருக்கிறது என்று நினைத்து, பதினோரு அட்டையிலும் "சின்னான், உறவினர்" என்று எழுதித் தள்ளினேன். முத்தனும் சின்னான் என்றான். ஆனால் அவன் மட்டும், "என் அப்பன்" என்று சேர்த்துச் சொன்னான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அந்தச் சின்னான் யார் தெரியுமா? அந்த ஊரில் கேதம் சொல்லுகிறவர். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், வெயிலோ மழையோ, சொந்தக்காரர்களின் ஊர்களுக்கெல்லாம் நடந்து போய், தெருவில் நின்று சேதி சொல்லிவிட்டு வருவது அவர் பரம்பரை வேலை. வயதில் எல்லாருக்கும் மூத்தவர். கீழத்தெருக்காரர் என்பதால் குழந்தைகூட "சின்னான்" என்றுதான் கூப்பிடும். நான் கேட்ட கேள்விக்குப் பையன்கள் சரியான பதிலைத்தான் சொன்னார்கள். சாவு என்றால் ஊர் வழக்கப்படி முதலில் சொல்லிவிட வேண்டியது அவருக்குத்தானே?

அட்டைகளைச் சரிபார்த்த காப்டன் துரைக்கு ஒரே ஆனந்தம். ஒரு மனிதர் தன் உறவில் பன்னிரண்டு பேரைப் பட்டாளத்துக்குத் தந்திருக்கிறார் என்று உடனே ஒரு பாராட்டுக் கடிதம் தயாரித்து, அரக்கு முத்திரை வைத்து அனுப்பச் சொன்னார். சேஷய்யர் மட்டும் ரிஜிஸ்தர்மேல் உட்கார்ந்தபடியே, "பன்னெண்டு உறவுக்காராளை அனுப்பிச்சவன் ஒருத்தன் இருக்கட்டும், மகனை விட்டா மத்த பதினோரு பேருக்கும் ஆத்தா அப்பனே இல்லையா ஓய்?" என்றார்.

பதின்மூன்று கவர்

அட்டை முறையில் இன்னொரு சௌகரியம். சிப்பாய் முகாம் மாறினால், அவன் சுகமாக இருக்கிறான், இன்ன இடத்துக்கு மாற்றியிருக்கிறோம் என்று வீட்டுக்கு அச்சடித்த கடிதம் போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடிதம் இங்கிலீஷில் இருக்கும். பன்னிரண்டு பேரும் முகாம் மாறினார்கள். பன்னிரண்டு கவரும் சின்னானுக்குப் போயின. பின்னாலேயே அரக்கு முத்திரையோடு பதின்மூன்றாவது.

ஒரு வாரம் கழித்து எங்கள் ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழே ஒரு பெரியவர் துண்டில் ஏதோ முடிந்து வைத்துக்கொண்டு நின்றார். மேலே வாருங்கள் என்றால் வரவில்லை. நான் இறங்கிப் போனேன். முடிச்சை அவிழ்த்தார். பதின்மூன்று கவர். ஒன்று மட்டும் பிரித்திருந்தது. வாத்தியாரிடம் கொண்டு போனாராம். வாத்தியாருக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் தெரியாது. மீதியைப் பிரிக்கவே பயந்துவிட்டார்.

"கேதக்காரன் வீட்டுக்குப் பட்டாளத்துக் கடுதாசி வந்தா ஊரு என்னங்க சாமி நெனைக்கும்?" என்றார். "பதினோரு வீட்டுலயும் அடுப்புல ஒலை வைக்கல. நான் வெளிய வந்தா எந்த வீட்டுப் பக்கம் திரும்புறேன்னு ஊரே பாக்குது. வராம உள்ளயே கெடந்தா, சொல்ல மனசில்லாம ஒளிஞ்சு கெடக்கான்னு அழுகுறாக. எனக்கும் ஒரே மவன். இந்தக் கட்டுல அவனும் இருக்கான். இதுல எது என் மவனுதுன்னு மட்டும் சொல்லிருங்க. மத்த வீட்டுக்கு எப்படியும் நடந்துருவேன், அது என் தொழிலு."

என் ஒரு மத்தியானப் பசி இவ்வளவையும் செய்திருக்கிறது. படியிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தேன். முத்தன் கவரைத்தான் முதலில் தேடி எடுத்தேன். சுகம். மற்றவர்களும் சுகம். பதின்மூன்றாவது வெறும் பாராட்டு. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அப்புறம் கவர்களை முடிந்துகொண்டு எழுந்தவர், நாலு அடி போய்த் திரும்பி வந்தார். "கெட்ட சேதி எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியும். நல்ல சேதியோட ஒரு வீட்டுக்கும் நான் போனதில்ல சாமி. அதை எப்படி ஆரம்பிக்கிறதுன்னு ஒரு வார்த்தை சொல்லிக் குடுங்க."

காப்டன் துரையின் விசாரணை

மேலே போய்க் காப்டன் துரையிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். வேலை போகும் என்று நினைத்தேன். அவர் கோபிக்கவில்லை, கேள்விதான் கேட்டார். அந்த மனிதர் ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடப்பார்? சேதியை எந்த வார்த்தையில் தொடங்குவார்? அவர் வீட்டுச் சாவை யார் சொல்வார்கள்? கடைசிக் கேள்வியை ஊரிலேயே கேட்டு வர வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

அட்டை ஒரு தடவை மேலாபீசில் பதிவாகிவிட்டால், வீட்டார் கைநாட்டு வைத்த திருத்தப் பாரம் இல்லாமல் மாற்ற முடியாது. நானே கிராமத்துக்குப் போய் வாங்கி வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "எங்கள் ஊரிலும் இப்போது தந்திக்காரன் சைக்கிளைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்கள். ஆனால் அவனை யாரும் ஆள் என்று நினைத்ததில்லை. அவன் பெயர் என்னவென்றுகூட எனக்குத் தெரியாது."

கைநாட்டு

பெட்ரோல் தட்டுப்பாடு, ஆகவே கரியை எரித்து ஓட்டும் கரி பஸ். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். மேலூர் தாண்டி இரண்டு தடவை தள்ளினேன். நான் செய்த காரியத்துக்கு அது சின்னத் தண்டனைதான்.

பள்ளிக்கூட வாசலில் பதினோரு வீட்டாரும் கூடினார்கள். சின்னான் வழக்கம்போல் எட்ட நின்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் மாயாண்டி என்ற பெரிய சம்சாரி குதித்துவிட்டார். "அவனை எங்க வீட்டு உறவுன்னா எழுதுனீரு? எழுதுன கையைக் காட்டும்!" என்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாரத்தை நீட்டினேன். அதில் தன் பெயரை எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்தார். மற்றவர்களும் வரிசையாக வைத்தார்கள்.

கருப்பாயி அம்மாள் மட்டும் கட்டைவிரலை நீட்டவில்லை. புருஷன் இல்லாதவர், ஒரே மகன் பட்டாளத்தில். "சின்னான் பேரே இருக்கட்டும்" என்றார். "தபால்காரன் கடுதாசியை விட்டெறிஞ்சுட்டு மணியடிச்சுக்கிட்டுப் போயிருவான். நான் அதைக் கையில வச்சுக்கிட்டு யார்கிட்ட ஓடுறது? இவன்னா பக்குவமாச் சொல்லுவான்."

சரி என்று விட்டுவிட்டு, சின்னானைப் பார்த்து முத்தன் அட்டையில் அப்பன் என்று அவர் பெயரே இருக்கட்டுமா என்று கேட்டேன். "எங்க தெருவுல எழவுன்னா நான்தான் போயிச் சொல்லுவேன். எனக்கு வந்து சொல்ல யாரு இருக்கா? எழுதாமலே விட்டுருங்க சாமி. எனக்கு இனிமே தபாலே வேணாம்" என்றார். கட்டத்தைக் காலியாக விட முடியாது என்று நான் தயங்கினேன். அப்போது கருப்பாயி அம்மாள், "என் பேரை எழுதுங்க. என் மவன் சேதி அவனுக்கு வரட்டும், அவன் மவன் சேதி எனக்கு வரட்டும்" என்றார்.

"கீழத்தெருவுக்குள்ள நீ போவியாக்கும்?" என்று மாயாண்டி கேட்டார். அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை, என் பேனாவைப் பார்த்தபடியே சொன்னார்: "ரெண்டு பேரு பிள்ளையும் ஒரே ரயில்ல ஏறி அம்புட்டுத் தூரம் போயிருக்கு. நான் இங்கிட்டு இருந்து அங்கிட்டு நடக்க மாட்டேனா?"

பன்னிரண்டாவது அட்டை

காப்டன் துரை இரண்டு திருத்தம் செய்தார். அச்சடித்த கடிதத்தோடு இனி நான் தமிழில் ஒரு சீட்டு எழுதி வைக்க வேண்டும். சுகச் செய்தி என்றால் கவரின் வெளிப்புறத்திலேயே "சுகம்" என்று பெரிதாக எழுத வேண்டும். எங்கள் புதிய முறையில் நல்லதாக எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வார்த்தைதான். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை எழுதினாலும் கை வலிக்கவில்லை.

பல மாதம் கழித்து ஒரு நாள் இழுப்பறையிலிருந்து நான் எடுக்க வேண்டிய அட்டை முத்தனுடையது. அந்தக் கவரின்மேல் "சுகம்" என்று எழுத வழியில்லை. கருப்பாயி அம்மாள் விலாசம் எழுதி, உள்ளே தமிழ்ச் சீட்டு வைத்து அனுப்பினேன். அந்த அம்மாள் சொன்னபடி போவாரா? ஊர் விடுமா? வாய்ச்சொல் வேறு, கால் வேறு அல்லவா?

பத்தாம் நாள் சின்னான் வந்தார். மகன் இருக்கும் ஆஸ்பத்திரி விலாசம் வேண்டுமாம். இந்தத் தடவை கூப்பிட்டதும் மாடி ஏறி வந்தார். சேஷய்யர் ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். நான் நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை. என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அந்தம்மா எங்க தெருவுக்குள்ள கால் வச்சதுமே என் மவன் போயிட்டான்னு தலையில அடிச்சுக்கிட்டேன் சாமி. பின்னாடியே ஊரு திரண்டு வந்து தெரு முனையில நின்னுருச்சு. அந்தம்மா நேரா வந்து எங்க வீட்டுத் தரையில உக்காந்துச்சு. என்னையும் உக்காருன்னுச்சு. அப்புறந்தான், உசுரோட இருக்கான், கால்லதான் அடின்னு சொல்லுச்சு. ஆயுசு பூரா நான் தெருவுல நின்னே சேதி சொன்னவன். சேதி சொல்ல வந்தவுக பக்கத்துல உக்காரலாம்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

முத்தன் அட்டையில் கருப்பாயி அம்மாளின் பெயருக்குக் கீழே, உறவு என்ற வரியில் நான் "பரஸ்பரம்" என்று இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தேன். அது என்ன உறவு என்று மேலாபீசிலிருந்து மூன்று தடவை விளக்கம் கேட்டார்கள், யுத்தமே முடிந்துவிட்டது, நான் இன்னும் பதில் எழுதவில்லை.